செண்பகம் ஏன் சிரித்தாள்

பாத்து ஏறுங்கம்மா, மூணாவது படி மட்டும் கொஞ்சம் ஒசரம். கட்டின மேஸ்திரி மேல தப்பில்ல, நான்தான் நடுவுல போயி பேச்சுக் குடுத்துட்டு இருந்தேன். கைப்பிடியப் பிடிச்சுக்கங்க. ஆமா, இந்த அம்மாவ எங்கயோ பாத்திருக்கோமேன்னுதானே யோசிக்கிறீங்க? கேட்டத் திறந்ததுலேர்ந்து கவனிச்சுக்கிட்டுதான் வரேன். யோசிங்க, யோசிங்க, நானா சொல்ல மாட்டேன். சரி சொல்லிடறேன், எனக்குப் பொறுக்காது. 'பதிமூணு பௌர்ணமி'! செண்பகம்! அதேதான்! அய்ய, ஏன் ஒரு படி கீழ எறங்கிட்டீங்க? வீட்ல நான் கத்தி எடுத்தா வெங்காயம் மட்டும்தாம்மா வெட்டுவேன். என் சொந்தப் பேரு வனரோஜா. பேருக்கேத்த மாதிரி பூ மாதிரி மனசு.

இதான் வாடகைக்கு விடற மாடி, இது ஹாலு. காத்து பாருங்க, ஃபேனே வேணாம். எதிர்வீட்டு வேப்பமரம் காத்த நமக்கு அனுப்பும், குப்பைய அவங்களுக்கே போட்டுடும். நீங்க சீரியல் பாக்கறதில்லயா? மாமியார்தான் பாப்பாங்களா? அப்ப சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, "நான் பாக்கறதில்ல, மாமியார் பாப்பாங்க"ன்னு. ஊர்ல இருக்கற மாமியாருங்களவிட எங்க சீரியலுக்கு ஆளு அதிகம், அது எப்படின்னுதான் தெரியல. சரி, கதை தெரியலேன்னா இந்த வீட்டப் பத்திச் சொன்னாலும் புரியாது. இப்படி ஜன்னல் திட்டுல ஒக்காருங்க.

ருத்ரமூர்த்தின்னு ஒரு இன்ஸ்பெக்டர். தங்கமான மனுஷன். லஞ்சம் வாங்க மாட்டாரு, யாரையும் கை நீட்ட மாட்டாரு. அவருக்கு ஒரே பொண்ணு, பாம்பு கடிச்சுப் போயிடுது. அந்தப் பொண்ணோட ஆவி வந்து சொல்லுது, அப்பா, மலையடிவாரத்துக் காளிக்குப் பதிமூணு பௌர்ணமிக்குப் பதிமூணு பலி குடுத்தா நான் திரும்பி வந்துருவேன்னு. என்ன பலி, கோழியா ஆடா? மனுஷன்! பெத்த மனசு கேக்குமா? ஆரம்பிச்சுட்டாரு. ஆனா நியாயஸ்தன் பாருங்க, அப்பாவிங்களத் தொட மாட்டாரு. தப்புப் பண்ணிட்டு கோர்ட்ல தப்பிச்சவங்களத் தேடித்தேடிப் பிடிப்பாரு. பௌர்ணமிக்கு வெட்டுவாரு, மறுநாள் காலைல குளிச்சு, விபூதி வெச்சு, யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு அவரே வந்து பொணத்தச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போடுவாரு. "யாருய்யா பண்ணிருப்பா?"ன்னு கான்ஸ்டபிளக் கேப்பாரு! எனக்கு அந்த எடம் வந்தா சிரிப்ப அடக்க முடியாது. அவரு நல்லவரா கெட்டவரா? ஒருத்தராலயும் சொல்ல முடியல. எங்க தெரு இஸ்திரிக்காரர் அவரு நல்லவருங்கறாரு, அவரு சம்சாரம் கெட்டவருங்குது, இதுல நாலு நாளு என் புடவையெல்லாம் இஸ்திரி ஆகாமலே கெடந்துச்சு.

அதுல மூணாவது பலி நானு. ஆஸ்பத்திரியில கொழந்தைய மாத்தி வெச்ச நர்ஸு செண்பகம். ஒரு வாரத்து ரோல். வந்தமா, மாத்தினமா, வெட்டுப்பட்டமா, போனமான்னு இருக்க வேண்டியது. எப்படி ரெண்டு வருஷம் ஓடுச்சுன்னு கேளுங்க.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டும்மா. யாரு பொணமா நடிச்சாலும் சரி, ஷாட்டு ஓகே ஆனதும், படுத்த எடத்துலேர்ந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுடணும். கேமரா அதையும் எடுக்கணும். அப்பதான் அந்தச் சாவு பொய்யின்னு ஆகும். சிரிக்காம எந்திரிச்சா ஆகாது, சாவு நெஜமாவே ஒட்டிக்கும்பாங்க. பெரிய பெரிய ஆளுங்களே சிரிச்சுட்டுதான் எந்திரிப்பாங்க. அந்தத் துண்ட அப்புறம் எடிட்டிங்ல தூக்கிப் போட்ருவாங்க, யாரும் பாக்கப் போறதில்ல.

அன்னிக்கு நானும் பலிபீடத்துல கெடந்தேன். கழுத்துல செவப்பு, நெத்தியில செவப்பு. "அம்மா, சிரிங்க"ன்னாரு டைரக்டர் எழிலரசன். சின்னப் பையன்தான், ஆனா நல்ல மரியாதை. சரியா அந்த நேரம் பாத்து புரொடக்‌ஷன் ஆளு ஒரு தட்டு நெறைய மெதுவடை எடுத்துக்கிட்டு உள்ள வந்தாரு. எனக்குக் காலைலேர்ந்து பட்டினி. எப்படிச் சிரிச்சிருப்பேன் சொல்லுங்க! முப்பத்திரண்டு பல்லும் தெரிய, உசுரோட ஆழத்துலேர்ந்து வந்த சிரிப்பு.

எடிட்டர் லோகு இருக்கானே, தூக்கக் கலக்கத்துல அந்தத் துண்டையும் சேத்துட்டான். வெள்ளிக்கிழமை எபிசோடு. ருத்ரமூர்த்தி வெட்டறாரு, காளிய மூணு தரம் காட்டறாங்க, என் பொணத்தக் காட்டறாங்க, பொணம் கண்ணத் தொறந்து சிரிக்குது! அதுலயே நிறுத்தி, பாட்டப் போட்டு, 'தொடரும்'! நான் கீழ என் வீட்ல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு.

அப்புறம் என்ன, ஊரே அதே பேச்சு. செண்பகம் ஏன் சிரிச்சா? செத்தாளா இல்லியா? சிரிச்ச மூஞ்ச வெச்சு மீம்ஸ் போட்டாங்க, சம்பளம் வந்த நாளு, மாமியார் ஊருக்குப் போன நாளுன்னு. மறுநாள் எழில் போன் பண்ணி, "அம்மா, நீங்க ஏன் சிரிச்சீங்க?"ங்கறாரு. "நீதானப்பா சிரிக்கச் சொன்ன!"ன்னேன். "அது இல்லம்மா, செண்பகம் ஏன் சிரிச்சா? சேனல்ல கேக்கறாங்க. திங்கக்கெழமைக்குள்ள காரணம் வேணும்"ங்கறாரு. மெதுவடைன்னு சொல்ல முடியுமா?

அவங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. செண்பகம் சாகல. அவதான் காளிக்குப் பூசை பண்றவ, ருத்ரமூர்த்திக்குத் தெகிரியம் இருக்கான்னு சோதிக்கத்தான் தானே வந்து படுத்தா, அதான் சிரிச்சா. எப்படி! அதுலேர்ந்து நான்தான் அவருக்கு அடுத்த பலி யாருன்னு காட்டணும். பெருசா வசனம்லாம் கெடையாது. கண்ண மூடுவேன், தொறப்பேன், விரல நீட்டுவேன். நான் நீட்டினா அந்த ஆளு அவுட்டு. ஒரு எழுபது எபிசோடு விரல நீட்டியே சம்பாதிச்சேன்னா பாத்துக்கங்க. காய்கறிக் கடையில நான் கத்திரிக்காயக் காட்டினாலே கடைக்காரர் ரெண்டடி பின்னாடி போவாரு. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல.

இது பெட்ரூம். அலமாரி நல்லா ஆழமா இருக்கும். இந்தச் சுவத்துல ஆணி அடிச்ச அடையாளம் தெரியுதுல்ல, அது ரெஜினாவோட மாதா படம் இருந்த எடம்.

ரெஜினா யாருன்னு சொல்லலியோ? இந்த மாடியில எட்டு வருஷம் இருந்தவ. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா டப்பிங்ல கத்தினவங்க. கூட்டத்துல "அய்யோ, அம்மா, ஓடுங்க"ன்னு குரல் கேக்குமே, அதுல "அய்யோ" நானு, "ஓடுங்க" அவ. நான் செண்பகம் ஆனதும் மொத வேலையா எழில்கிட்டச் சொல்லி அவள உள்ள இழுத்தேன். நல்லா எழுதி வெச்சுக்கங்க, அவளச் சேத்துவிட்டதே நான்தான். இன்ஸ்பெக்டரோட அக்கா பார்வதியா போட்டாங்க. ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவ, அங்க மஞ்சப் பூசி, குங்குமம் வெச்சு, வெளக்கேத்திக்கிட்டு நிப்பா. தம்பி பண்றது வீட்ல அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வாசல்ல நின்னு, "வேணாண்டா தம்பி"ன்னு ஒரு வார்த்த சொல்லுவா. அவ்ளோதான் அவ வசனம். ஆனா ஜனம் அதுக்கே அழுதுச்சும்மா.

காலைல ஒரே ஆட்டோவுல போவோம், மத்தியானம் ஒரே டப்பாவுல சாப்பிடுவோம். மேல அவ நடக்கற சத்தம் கீழ எனக்குக் கேக்கும். இப்ப குளிக்கப் போறா, இப்ப ஜெபம் பண்றா, இப்ப எனக்குக் காபி எடுத்துக்கிட்டு எறங்கறான்னு எல்லாம் தெரியும்.

அப்படி இருக்கறப்ப நான் அவளுக்குக் கெடுதல் பண்ணுவேனா? நீங்களே சொல்லுங்க. என்ன ஆச்சுன்னா, போன தை மாசத்துல ரேட்டிங் எறங்கிடுச்சு. தப்புப் பண்ணவனையே வெட்டிக்கிட்டு இருந்தா ஜனத்துக்கு அலுத்துப் போச்சு. எழில் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, பத்தாவது பலி ஊரையே கலக்கணும். யாரப் போட்டா ஜனம் பதறும்? நீங்கதான் ஜனத்தோட நாடி தெரிஞ்சவங்க"ன்னு கேட்டாரு. எவ்வளவு பெரிய மரியாதை பாருங்க, டைரக்டர் நம்மளக் கேக்கறாரு! நான் கண்ண மூடி யோசிச்சேன். யாரு மேல ஜனம் உசுரையே வெச்சிருக்கு? யாரு ஒரு குத்தமும் பண்ணாதவ? பட்டுனு சொன்னேன், "பார்வதிதான்"னு. உண்மையத்தானே சொன்னேன்? அது அவளுக்குப் பெருமைதானே? என்னை வெட்டினா எவன் பதறுவான்?

சந்தோஷம் தாங்கல எனக்கு. அரைக் கிலோ அல்வா வாங்கிக்கிட்டு நேரா மாடிக்கு ஓடி வந்தேன். இதோ, இந்த எடத்துலதான் ஒக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தா. "ரெஜினா, ஒனக்கு ஒரு சாவு வாங்கிட்டு வந்திருக்கேன், எப்படிப்பட்ட சாவு தெரியுமா! மூணு எபிசோடுக்குச் சாவப் போற! மழை வெக்கறாங்க, ட்ரோன் வெக்கறாங்க, கடைசியில உன் தம்பி உன் கால்ல விழுந்து அழறான்!"னேன். அவ பீன்ஸையே பாத்துக்கிட்டு இருந்தா. "எழிலா முடிவு பண்ணாரு?"ன்னு கேட்டா. "கேட்டாரு, நான்தான் சொன்னேன்"னேன். பெருமையாத்தான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கு? "எப்படிக் கேட்டாரு?"ன்னா. "யாரப் போடலாம், நீங்களா, ரெஜினாக்காவான்னு கேட்டாரு"ன்னேன்.

ஆமாம்மா, அப்படித்தான் கேட்டாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர்னு. இத முன்னாடியே சொல்லலியா உங்ககிட்ட? இப்ப அதுவா முக்கியம்?

அவ நறுக்கின பீன்ஸ எடுத்து வெச்சுட்டு, "அல்வாவ எறும்பு வரதுக்குள்ள மூடி வெய்யி"ன்னா. அவ்ளோதான். கோவப்பட்டுக் கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சாயங்காலத்துக்குள்ள சரியாயிருக்கும். அவ பொண்ணு நர்சிங் படிக்குது, இந்த சீரியல நம்பித்தான் சேத்தா, அது எனக்குத் தெரியாதா? வேற ரோல் நானே வாங்கித் தரலாம்னு மனசுல வெச்சிருந்தேன். வாயத் தொறந்து கேட்டாத்தானே.

ஷூட்டிங் அன்னிக்கு நடந்தத கேளுங்க, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். குன்றத்தூர் தாண்டி ஒரு பழைய அரிசி மில்லு. உள்ள கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கி, அதான் எங்க காளி கோயிலு. பௌர்ணமி நெலா ஒரு பெரிய லைட்டு. வெளியில பாத்தா காலைல பதினோரு மணி, நாலு ஆடு மேஞ்சுக்கிட்டு இருக்கு. ரெஜினா பலிபீடத்துல படுத்தா. நான் விரல நீட்டினேன். ருத்ரமூர்த்தி அழுதுக்கிட்டே ஓங்கினாரு. என்னா நடிப்பு! "வேணாண்டா தம்பி"ன்னு அவ கடைசியா சொன்னப்ப லைட்டுமேன் கண்ணத் தொடச்சுக்கறாரு. கட்டு, ஓகே, எல்லாரும் கை தட்டறாங்க. "ரெஜினாக்கா, சிரிச்சுடுங்க"ன்னாரு எழில்.

சிரிக்கல.

"அக்கா, சிரிங்கக்கா, கேமரா ஓடுது." சிரிக்கல. கண்ணத் தொறந்து மேல கூரையையே பாத்துக்கிட்டுக் கெடக்கறா. "நடிக்கத்தானே தம்பி கூப்பிட்டீங்க. நடிச்சுட்டேன். சிரிப்பு வரலியே"ங்கறா. "வரலேன்னா எப்படிக்கா?" "சிரிப்பு வர மாதிரி ஏதாவது பண்ணச் சொல்லுங்க, அதோ அவள"ன்னு என்னைக் காட்டறா! அன்னிக்கு விரல நீட்டினது அவ!

நான் விடுவேனா? செண்பகம் வேஷத்துலயே, செவப்புப் புடவையும் மண்டையோட்டு மாலையுமா, ஒரு குத்தாட்டம் போட்டேன் பாருங்க, மில்லே அதிருது. ருத்ரமூர்த்தி அருவாளக் கீழ போட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. மேக்கப் டச்சப் பண்ற பொண்ணுக்குச் சிரிச்சே விக்கல் வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, பொணம் மட்டும் சிரிக்கல. அவ சிரிக்காம எந்திரிக்கக் கூடாது, அவ எந்திரிக்காம அடுத்த ஷாட்டு வைக்க முடியாது. சாப்பாட்டு நேரமும் வந்துருச்சு. படுத்தபடியே எலுமிச்சஞ்சாதம் ஊட்டிவிட்டாங்க அவளுக்கு. கழுத்துல வெட்டு, வாயில ஊறுகா! அய்யோ, இப்ப நெனச்சாலும்!

சாப்பிட்டு முடிச்சா. வாயத் தொடச்சா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே எந்திரிச்சு ஒக்காந்தா. சிரிக்காமலே! மேக்கப்மேன் "அய்யய்யோ"ன்னு கத்தினாரு. அவ நெத்திக் குங்குமத்த முந்தானையில தொடச்சுக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு, வெளியில ஆடு மேயற பக்கமா நடந்து போயிட்டா. வழியில என்னைத் தாண்டித்தான் போகணும். என்னைப் பாக்கவே இல்ல.

அடுத்த வாரமே வீட்டக் காலி பண்ணிட்டா. ஏன் பண்ணான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். வேற வேலை கெடைக்காதா? வேற வீடு கெடைக்குது, வேற வேலை கெடைக்காதா?

அதுக்கப்புறம் செட்ல ஆரம்பிச்சுது பாருங்க. தெர்மாகோல் காளி தானா மல்லாக்க விழுந்துச்சு. ருத்ரமூர்த்தி டீ குடிக்க எறங்கினவரு கால் பெசகி ஒரு மாசம் கட்டு. கட்டுக்காலோட எவன வெட்டறது? மில்லுக்குள்ள சாரைப்பாம்பு வந்துச்சு, லைட்டுப் பெட்டிக்குள்ள சுருண்டு படுத்திருந்துச்சு, லைட்டுமேனுக்கு ரெண்டு நாள் ஜொரம். எல்லாரும் ஒரே பேச்சு, சிரிக்காத பொணம் எந்திரிச்சுப் போயிருச்சு, அதான்னு. நரபலி குடுக்கற கதைய எடுக்கறவங்க, ஒரு சிரிப்புக்குப் பயந்து நடுங்கறாங்க! அந்த எபிசோட போடவே சேனலுக்குத் தைரியம் வரல. ரெண்டு மாசமா ருத்ரமூர்த்தியோட பழைய நெனவுகளையே காட்டி ஓட்டிக்கிட்டு இருக்காங்க. உங்க மாமியார் சொல்லியிருப்பாங்களே, கதை நகரவே மாட்டேங்குதுன்னு? இதான் காரணம்.

எழில் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நீங்கதான் போயி ரெஜினாக்காவக் கூட்டிட்டு வரணும். ரெண்டே செகண்டு. வந்து படுத்து சிரிச்சுட்டுப் போகட்டும்"னாரு. ஆவடியில அவ அக்கா வீட்ல இருக்கா. போனேன். நான் கூட்டத்துல தனியா பஸ் ஏறி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஒரு பொம்பள என்னைப் பாத்துட்டு கொழந்தையத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுக்கிச்சு.

ரெஜினா எளச்சிருந்தா. காபி குடுத்தா. ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரக் கீழ வெச்சுட்டேன். அதே காபிம்மா. மேல சத்தமே இல்லாத வீட்ல ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கலடின்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வந்தது வேற. "வந்து சிரிச்சுட்டுப் போடி, உனக்கு என்ன கொறஞ்சு போகுது"ன்னுட்டேன். வாயி இருக்கே.

அவ என் டம்ளர எடுத்து ஓரமா வெச்சா. அப்புறம் சொன்னா, "ரோசா, இன்னும் பார்வதி சாவ டீவியில போடலல்ல? அப்ப மாத்தலாம்ல? நீயே எழில்கிட்டப் போயி, பார்வதிய விட்டுடுங்க, செண்பகத்தப் போடுங்கன்னு கேளு. அந்தப் பலிபீடத்துல நீ படு. நீ படுத்தா, நான் வந்து உன்னைச் சிரிக்க வைக்கறேன்." எப்படி இருக்கு பாருங்க! சர்ச்சுக்குப் போறவ, நரபலி கேக்கறா! நானா? செண்பகத்தையா? ஊரே பயப்படற செண்பகத்தையான்னு நெனச்சு சிரிச்சேன். பஸ்ல வரப்பவும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து, கதவத் தொறந்து, செருப்பக் கழட்டினேன், அப்புறம் சிரிப்பு வரல.

அது நடந்து மூணு நாளாச்சு. இன்னும் எழிலுக்குப் பதில் சொல்லல.

என்ன? என்ன பண்ணப் போறேன்னா கேக்கறீங்க? அதத்தானம்மா உங்ககிட்டக் கேக்கலாம்னு ஒக்கார வெச்சேன். நீங்க வெளியாளு, நியாயம் சொல்லுங்க. நான் பண்ணது தப்பா? ரெண்டு பேர்ல ஒருத்தர்னா, எந்த மனுஷியாவது என் பேரச் சொல்றேன்னு சொல்லுவாளா? நீங்க சொல்லுவீங்களா? ரெஜினா சொல்லுவாளா?

ம். சொல்லியிருப்பா. அவ சொல்லியிருப்பாம்மா. "எனக்கு என்ன, ரோசாவ விட்டுடுங்க தம்பி"ன்னு சொல்லியிருப்பா, வந்து ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லாமலே பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்திருப்பா. அவள எனக்குத் தெரியாதா?

இருங்க. இருங்க, போன் எங்க வெச்சேன். இதோ. இப்பவே பண்ணிடறேன், விட்டா நாளைக்கு மனசு மாறிடும், எனக்கு என்னையும் தெரியும். நீங்க அப்படியே ஒக்காருங்க, நீங்கதான் சாட்சி. ரிங்கு போகுது. நெஞ்சு எப்படி அடிக்குது பாருங்க, மொத நாள் ஷூட்டிங் மாதிரி. செண்பகம் தானா போயி பலிபீடத்துல படுக்கறா, ஜனம் என்னா பேச்சுப் பேசும்!

அலோ, எழிலு! நான்தாம்பா, வனரோஜா. நீ ஒண்ணும் பேசாத, மொதல்ல நான் சொல்றதக் கேளு. பார்வதிய விட்டுடு. ரெஜினா பாவம், பொண்ணு படிக்குது. பத்தாவது பலி நான். ஆமா, செண்பகம்! என்னைப் போட்ரு. யோசிச்சுதான் சொல்றேன், நல்லா யோசிச்சு... என்னது? என்ன சிரிக்கற? எழுதியாச்சா? எப்ப எழுதினீங்க? நேத்தேவா? நேத்து சாயங்காலமேவா? சேனல்ல யாரு சொன்னா? ... ஓ. அலுத்துப் போச்சாமா. விரல நீட்டறது அலுத்துப் போச்சாமா. ... இல்லப்பா, கோவம்லாம் இல்ல. நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தியா? சரி. ... என்ன, என்ன சொன்ன? "ரெஜினாக்கா சிரிக்க மாட்டாங்க, நீங்கன்னா கண்டிப்பா சிரிப்பீங்க"ன்னா? ... ஆமாம்ப்பா. நான் சிரிப்பேன். சிரிக்கறதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா. வெக்கறேன்.

இல்லம்மா, அழல. தண்ணியெல்லாம் வேணாம். கண்ணு எரியுது, வேப்பம்பூ காலம்ல.

நேத்தே எழுதிட்டாங்களாம். நான் போன் பண்ணாட்டியும் நாந்தானாம். ரெண்டு வருஷம்! கேட்டீங்கல்ல, அந்தப் பையன் எப்படிச் சிரிச்சான்னு?

ஒரு நிமிஷம். நீங்க சொல்லுங்க. நான் கேட்டேனா இல்லியா? என் வாயால, "என்னைப் போட்ரு"ன்னு சொன்னேனா இல்லியா? அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்ல? நேத்து அவன் எழுதினது எனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அப்ப நான் குடுத்தது குடுத்ததுதானே! அவங்க எடுத்துக்கறதுக்கு முன்னாடி நான் குடுத்துட்டேன், இல்ல, அவங்க எடுத்த பின்னாடிதான், ஆனா தெரியாம குடுத்தேன். அது கணக்குல வரும்ல? வரணும்மா. ரெஜினாகிட்ட நான் கேட்டத மட்டும் சொல்லப் போறேன். எழில் சொன்னத எதுக்குச் சொல்லணும்? அது பொய்யா? சொல்லாம இருக்கறது பொய்யாகாது. நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? சாட்சின்னா பாக்கறதோட சரி, அவ கேட்டா நான் போன் பண்ணத மட்டும் சொல்லுங்க, போதும்.

சரி வாங்க, எறங்கலாம். வெளக்க அணைச்சுடறேன். என்னது, வீடு புடிச்சிருக்கா? அடுத்த மாசம் வந்துடறீங்களா?

அய்யோ, தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. மாடி காலி இல்ல. அவ வந்துடுவா. வந்து என்னைச் சிரிக்க வைக்கறேன்னு சொன்னா, அவ சொன்னா சொன்னதுதான், நான்தான் அப்படி இல்ல. கேட்டுல 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குது பாருங்க, எனக்கு எட்டாது. நீங்க நல்ல ஒசரமா இருக்கீங்க, போறப்ப அதக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்களேன்.